அடுப்படிப் புகையும் காற்று மாசுதான்

2022ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, இலங்கையின் அரச பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. வெள்ளமோ வேலைநிறுத்தமோ காரணமல்ல, காற்றுத்தான் காரணம். வங்காள விரிகுடாவில் ‘மாண்டஸ்’ புயல் நகர்ந்துகொண்டிருந்த அந்நாட்களில், இந்தியப் பக்கத்திலிருந்து வீசிய காற்று நுண்ணிய மாசுத் துணிக்கைகளையும் சுமந்து வந்தது. யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. முகக்கவசம் அணியுங்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று அறிவுறுத்தல்கள் வந்தன. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கடுங்குளிரில் இறந்தபடியால், எமது விவசாயிகள் அந்த வாரத்தை இன்னும் மறக்கவில்லை.

பாடசாலைகளை மூடியதைக் குறை சொல்வது எமது நோக்கமன்று. ஆயினும் ஒரு கேள்வி கேட்கத்தான் வேண்டும். அன்று வெளியே போகாமல் வீட்டில் நின்ற பிள்ளை எங்கே நின்றது? குளிர் காலை. கதவும் யன்னலும் சாத்தியிருக்கும். கிராமத்துப் பிள்ளை குளிர்காயப் போய் உட்காரும் இடம் அடுப்படி. அங்கே தாய் ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பாள். காற்றோட்டமில்லாத சமையலறைகளில் நுண்துணிக்கைகளின் அளவு ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவைப்போல நூறு மடங்கு வரை போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் அன்று பல பிள்ளைகளை நாம் கெட்ட காற்றிலிருந்து காப்பாற்றி, அதைவிடக் கெட்ட காற்றிடம் ஒப்படைத்தோம் என்றே கொள்ள வேண்டும். அடுத்த திங்கட்கிழமை வானத்துப் புகார் கலைந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. அடுப்படிப் புகார் கலையவில்லை. அது எந்தப் பத்திரிகையிலும் வருவதுமில்லை.

காற்று மாசு என்றால் நகரத்தார் விவகாரம், வாகனமும் தொழிற்சாலையும் உள்ள இடத்துக் கதை என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கிராம அபிவிருத்தி பற்றிய எமது கூட்டங்களில் கிணறு வரும், குளம் வரும், உரம் வரும், காற்று வராது. இந்த எண்ணத்தை மாற்ற, சற்றுத் தூரத்து வரலாறு ஒன்றைப் பார்ப்பது நல்லது.

இலண்டனில் ஐந்து நாட்கள்

மேலே சொன்ன வெள்ளிக்கிழமைக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன், 1952 டிசெம்பர் 5ஆந் திகதி, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, இலண்டன் நகரத்தின்மீது புகைப்பனி இறங்கியது. புகையும் மூடுபனியும் கலந்த இதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்மொக்’ என்று பெயர். இரண்டு சொற்களை ஒட்டி இந்தச் சொல்லை 1905இல் பரப்பியவர் டே வூ என்ற வைத்தியர். புகையை ஒழிக்க வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். பெயர் கிடைத்து நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்துத்தான் அதன் கொடுமையை உலகம் கண்டது.

நடந்தது இதுதான். கடுங்குளிர். வீட்டுக்கு வீடு திறந்த அடுப்பில் நிலக்கரியை அள்ளிப் போட்டு எரித்தார்கள். நல்ல கரி ஏற்றுமதிக்குப் போய்விட, மக்களுக்குக் கிடைத்தது மலிவான, தூள் நிறைந்த கரி. சாதாரண நாட்களில் நிலத்தோடு ஒட்டிய காற்று வெப்பமடைந்து மேலெழும். புகையும் அதனோடு போய்விடும். அந்த ஐந்து நாட்களும் மேலே இளஞ்சூடான காற்றுப் படை ஒன்று பானை மூடிபோல் அமர்ந்துகொண்டது. கீழே குளிர்ந்த காற்று அசையாமல் கிடந்தது. கரியிலிருந்து வந்த கந்தக ஈரொட்சைட்டு பனித்துளிகளில் கரைந்து அமிலமாயிற்று. பேருந்து நடத்துனர்கள் கையில் விளக்கோடு பேருந்துக்கு முன்னால் நடந்து வழி காட்டினார்கள். நாடக அரங்குக்குள்ளும் புகை புகுந்து, மேடை தெரியாமல் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட கொழுத்த மாடுகள் மூச்சுத் திணறி வீழ்ந்தன. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் சில இத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்கின்றன.

இதில் எமக்கு முக்கியமானவை இரண்டு விடயங்கள். முதலாவது, அந்நகர மக்கள் இதை ஒரு பேரழிவாக உடனே காணவில்லை. மூடுபனி அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. பாட்டன் காலத்திலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள். மேலதிக மரணங்களுக்குச் சளிக்காய்ச்சலே காரணம் என்று அரசாங்கமும் முதலில் சமாதானம் சொல்லிப் பார்த்தது. இரண்டாவது, அந்த விடாப்பிடியான வாதங்களுக்குப் பின்னர் 1956இல் வந்த தூய காற்றுச் சட்டம் தொழிற்சாலைக் குழாய்களோடு நின்றுவிடவில்லை. வீட்டு அடுப்பு வரை வந்தது. புகையற்ற எரிபொருளை மட்டும் பயன்படுத்த வேண்டிய பகுதிகளை வகுத்தது. அதற்கேற்ப அடுப்பை மாற்றிக்கொள்ளும் வீட்டாருக்குச் செலவின் பெரும் பங்கை உள்ளூராட்சி மன்றங்களூடாகக் கொடுத்தது. அடுப்பை மாற்று என்று கட்டளையிட்டதோடு, இந்தா காசு என்று கையிலும் கொடுத்தது. நாடுகள் பல இயற்றிய காற்றுச் சட்டங்களில் இந்த இரண்டாவது பாதியைக் காண்பது அரிது.

எமது நாட்டில் என்ன நடந்தது? லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காண்பது வேறு வகையான புகைப்பனி. வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளும் எரியாத எரிபொருளின் ஆவியும் வெயிலில் தாக்கமுற்று, நிலத்தோடு ஒட்டி ஓசோன் உண்டாகிறது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற கண்டி நகரம் வாகனப் புகையைத் தேக்கி வைப்பதும் நாம் அறிந்ததே. ஆகவே எமது அரசாங்கங்களும் வாகனத்தைப் பார்த்தன. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை கட்டாயமாயிற்று. இரண்டும் நல்ல காரியங்கள். ஈயத்தை நிறுத்தியதால் எத்தனையோ பிள்ளைகளின் மூளை காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில் சமைத்தன. முச்சக்கர வண்டியின் புகையை அளக்க நாடெங்கும் நிலையம் இருக்கிறது. அந்த வண்டிக்காரரின் மனைவி நாளுக்கு நான்கு மணித்தியாலம் சுவாசிக்கும் புகையை அளக்க ஒருவரும் இல்லை.

கிடுகு போய்த் தகடு வந்தது

“எங்கள் பாட்டி புகைக்குள்ளேயே சமைத்துத் தொண்ணூறு வயது வரை இருந்தாரே” என்று சொல்பவர்கள் உண்டு. இருந்திருக்கலாம். இருக்க முடியாமல் போனவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை என்பது ஒரு பக்கம். பாட்டியின் குசினியும் வேறு. கிடுகுக் கூரை, அரைச் சுவர், சுவருக்கும் கூரைக்கும் இடையே கை நுழையும் இடைவெளி. புகை கிடுகினூடாகக் கசிந்து போய்விடும். போகிற வழியில் பறணில் கட்டிய விதைச் சோளத்தையும் மிளகாயையும் பூச்சி அரிக்காமல் காத்துவிட்டுப் போகும். புகைக்கு அங்கே ஒரு வேலையும் இருந்தது, ஒரு வழியும் இருந்தது.

இன்று நாம் கல்வீடு கட்டியிருக்கிறோம். சுவர் கூரை வரை எழும்பிவிட்டது. மேலே தகடு அல்லது அஸ்பெஸ்ரஸ். யன்னல் ஒன்று, அதுவும் பாதுகாப்புக்காகச் சிறியது. அடுப்பு மட்டும் அதே மூன்று கல் அடுப்பு. வீடு முன்னேறியது, அடுப்பு முன்னேறவில்லை. அதனால் வீடு முன்னேறிய அளவுக்குப் புகை உள்ளே தேங்கியது. வீட்டுத்திட்ட வீடுகளின் பின்புறத்தில் பல குடும்பத் தலைவிகள் தகரமும் கிடுகும் சேர்த்து ஒரு கொட்டில் இறக்கிச் சமைப்பதைப் பார்த்து, ‘கல்வீட்டில் இருக்கப் பழகாதவர்கள்’ என்று சிரிக்கும் உத்தியோகத்தர்களும் உண்டு. உண்மையில் அந்தப் பெண்கள்தான் வீட்டின் படத்தை வரைந்தவரைவிடப் புகையின் போக்கை நன்றாக விளங்கிக்கொண்டவர்கள்.

மலைநாட்டு லயன்களின் நிலைமை இதைவிட மோசம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதை ஒட்டிய ஒடுங்கிய இடத்தில் அடுப்பு, பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர், ஒரே கூரை. ஒரு வீட்டின் புகை மறுவீட்டுக்கும் சொந்தம். அதிகாலைக் குளிரில் கதவைத் திறந்து வைக்கவும் முடியாது. எரிப்பதோ மழையில் நனைந்த தேயிலை மிலாறு. கொழுந்து பறிக்கப் போகுமுன் நான்கு மணிக்கு எழுந்து ரொட்டி சுடும் பெண், பொழுது விடியுமுன் நெஞ்சு நிறையப் புகையைக் குடித்து முடித்துவிடுகிறாள்.

இந்தப் புகை என்ன செய்கிறது? கண் எரிவதும் இருமுவதும் நாம் காண்பவை. காணாதவையே கூடுதல். தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்களவான துணிக்கைகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்கின்றன. அங்கிருந்து இரத்தத்தில் கலக்கின்றன. பொருமலும் நாட்பட்ட மூச்சுத் தடையும் மட்டுமல்ல, மாரடைப்பும் பாரிசவாதமும் இதனால் வருகின்றன. பெண்களுக்குக் கண்ணில் வெண்புரை கூடுகிறது. கருவுற்ற தாய் சுவாசிக்கும் காபன் ஓரொட்சைட்டு, குழந்தைக்குப் போகவேண்டிய ஒட்சிசனைத் தடுத்து அதன் பிறப்பு நிறையைக் குறைக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நியூமோனியா வரும் ஆபத்தை வீட்டுப் புகை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது. வீட்டுப் புகையால் 2020இல் உலகில் இறந்தவர்கள் 32 இலட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சிகரெட்டைத் தொடாத பெண்ணுக்குச் சிகரெட்காரரின் நுரையீரல் ஏன் வந்தது என்று கேட்பவர்கள், அவருடைய குசினிச் சுவரின் நிறத்தைப் பார்த்தால் போதும்.

சமைப்பவர் கையில் காசு இல்லை; காசு வைத்திருப்பவர் அடுப்படிக்கு வருவதில்லை. இந்தப் பிரச்சினை இவ்வளவு காலம் பேசப்படாமல் இருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடத் தேவையில்லை என்பது எனது அபிப்பிராயம்.

அனகி அடுப்பு சொல்லித் தந்தது

ஒன்றுமே செய்யப்படவில்லை என்று சொல்வது நன்றியற்ற பேச்சாகும். 1980களில் இலங்கை மின்சார சபையும் இடைநிலைத் தொழில்நுட்ப நிறுவனமும் உருவாக்கிப் பரப்பிய ‘அனகி’ அடுப்பை எம்மில் பலர் அறிவோம். சிங்களத்தில் அருமையானது என்று பொருள். ஒரே துண்டாக வனைந்த மண் அடுப்பு. விறகு வைக்க ஒரு வாய், சட்டி வைக்க இரண்டு வாய். ஊர்க் குயவர்களுக்கே அதை வனையப் பயிற்சி கொடுத்தார்கள். சுற்றிவரக் களிமண் சாத்திவிட்டால் சூடு வெளியே போகாது. வெளிநாட்டிலிருந்து இரும்பில் செய்து கொண்டுவந்து இறக்காமல், மண்ணையும் குயவரையும் நம்பிய அந்தத் திட்டம் எமது நாட்டின் நல்ல அபிவிருத்தி முயற்சிகளில் ஒன்று.

ஆனால் அது எதற்காக உருவாக்கப்பட்டது? காடு அழிகிறது, விறகைச் சேமிக்க வேண்டும் என்பதற்காக. விறகு மிச்சமானது. புகையும் ஓரளவு குறைந்தது. எஞ்சிய புகை மட்டும் முன்போலவே குசினிக்குள்தான் நின்றது. ஏனெனில் அந்த அடுப்புக்குப் புகைபோக்கி இல்லை. மரத்தைக் காப்பாற்றும் அடுப்பு, மரத்தை எரிப்பவளையும் தானாகவே காப்பாற்றிவிடும் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

இவ்விடத்தில் வெளிநாட்டு அனுபவங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். குவாத்தமாலாவில் மலைக்கிராமக் குடும்பங்களுக்குப் புகைபோக்கியோடு கூடிய அடுப்புக் கட்டிக் கொடுத்து, அதன் விளைவை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் சுவாசித்த புகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கடுமையான நியூமோனியா மூன்றிலொரு பங்களவு குறைந்தது. மலாவியிலோ பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உள்ள கிராமங்களில் புகை குறைந்த நவீன அடுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். புகைபோக்கி இல்லை. 2016இல் வந்த முடிவு ஏமாற்றம்: நியூமோனியா குறையவில்லை. அடுப்பு நல்லதாயினும், குப்பை எரிக்கும் புகை உட்பட மற்றப் புகைகள் சுற்றிவர இருந்தன என்பது ஆய்வாளர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று.

குப்பை என்றதும் எமது ஊர் சிரமதானங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. காலையில் சூழல் பாதுகாப்புப் பற்றிப் பேச்சு. பிறகு வீதி கூட்டுதல். கடைசியில் கூட்டிய குவியலுக்குள் பொலித்தீன் பைகளும் யோகட் கோப்பைகளும் கிடக்கத் தீக்குச்சி. புகைக்குள் நின்று படமும் எடுத்துக்கொள்கிறோம். திறந்த வெளியில் பிளாஸ்ரிக் கலந்த குப்பையை எரிப்பது 2017 செப்டெம்பர் முதல் இந்நாட்டில் சட்டப்படி தடை. அதைத் தெரியாமல் செய்பவர்களைவிடத் தெரிந்தே செய்பவர்களே கூட.

“விறகை விட்டு எரிவாயுவுக்குப் போவதுதானே” என்று நகரத்து நண்பர்கள் இலகுவாகக் கேட்பார்கள். சுத்தத்தைப் பொறுத்தமட்டில் அதுவே சரியான விடை, மறுப்பதற்கில்லை. ஆனால் 2,675 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவானதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் இரவிரவாக வரிசையில் நின்றதையும் யார் மறப்பார்? மண்ணெண்ணெய் அதே ஆண்டு ஓகஸ்ட்டில் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. கொழும்பு மாடிவீட்டுக்காரர்கள்கூட அந்நாட்களில் விறகு தேடினார்கள். கிராமத்துப் பெண் அன்று ஒரு முடிவுக்கு வந்தாள்: சிலிண்டரை நம்பலாம், ஆனால் அடுப்பை இடிக்கக்கூடாது. அவளுடைய முடிவு புத்திசாலித்தனமானது. விறகு இன்னும் பல ஆண்டுகளுக்கு எம்மோடு இருக்கப்போகிறது. ஆகவே விறகைப் புகையில்லாமல் எரிப்பது எப்படி, எரிந்த புகையை வெளியே அனுப்புவது எப்படி என்பதே இன்றைய கேள்வி.

புகை என்பது எரியாமல் தப்பிய விறகு. இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி அதிலுள்ள நீரைக் கொதிக்கவைப்பதிலேயே வீணாகிறது, சுவாலை குளிர்கிறது, எரியவேண்டியது புகையாகப் போகிறது. பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கிச் சில மாதம் காயவைத்த விறகு குறைவாகப் புகைக்கும், குறைவாகச் செலவாகும். ஊமலும் சிரட்டையும் காய்ந்திருந்தால் நல்ல எரிபொருள். பச்சை ஓலை எதிரி. பொலித்தீனைக் கிழித்து அடுப்பு மூட்டும் பழக்கத்தை இன்றே விட வேண்டும்.

மலசலகூடத்துக்குக் கொடுத்தோம்

இவற்றைப் பெண்களுக்குப் புத்திமதியாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. விறகைக் காயவைக்க ஒரு சாய்ப்பு வேண்டும். சாய்ப்புக்குத் தகடு வேண்டும். புகைபோக்கிக்குக் கல்லும் சீமெந்தும் மேசனின் கூலியும் வேண்டும். இவை காசு.

ஒரு காலத்தில் மலசலகூடமும் அவரவர் சொந்த விவகாரமாகத்தான் இருந்தது. வளவுக்குப் பின்னால் பற்றைக்குள் போவது தலைமுறை தலைமுறையான வழக்கம் என்றார்கள். அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கொண்டு, அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் சீமெந்துப் பையும் கோப்பையும் கொடுத்தன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குழியின் ஆழத்தை அளந்து பார்த்தார். இன்று இந்நாட்டில் மலசலகூடம் இல்லாத வீடு மிகச் சில. நெருப்புக்காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் எதிராக நாம் செய்ததை, நியூமோனியாவுக்கும் மூச்சுத் தடைக்கும் எதிராகச் செய்ய என்ன தடை? இலண்டன் 1956இல் அடுப்புக்குக் காசு கொடுத்தது தருமமாக அல்ல. சாவு வீடுகளின் கணக்கைப் பார்த்த பிறகு கொடுத்தது.

எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் மாதர் சங்கங்களிலும் சுழற்சிக் கடன் நிதி இருக்கிறது. ஆடு வாங்க, தையல் இயந்திரம் வாங்க, கிணறு கட்ட அதில் கொடுக்கிறோம். குசினி திருத்தவும் கொடுக்கலாம். அதைக் ‘வருமானம் தராத கடன்’ என்று ஒதுக்கும் பொருளாளர்களிடம், விறகு சேர்க்கப் போகும் நேரத்தையும் மருந்துக்கும் பஸ்ஸுக்கும் போகும் காசையும் கூட்டிக் காட்ட வேண்டும். வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனங்கள் படம் வரையுமுன் சமைப்பவரைக் கூப்பிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று கேட்கட்டும். லயன்களுக்குப் பதிலாகத் தனி வீடு கட்டும் இடங்களிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். இல்லையேல் பழைய புகை புதிய வீட்டுக்குக் குடிபெயரும். கிளினிக்கில் இருமலோடு வரும் பிள்ளையின் தாயிடம் குடும்ப நல உத்தியோகத்தர் ‘எங்கே சமைக்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் செலவு ஒன்றுமில்லை.

புகைபோக்கி கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. குழாய் கூரையின் முகட்டுக்கு மேலே உயர வேண்டும். தாழ்ந்திருந்தால் காற்று புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். மழை விழாதபடி மேலே தொப்பி வேண்டும். மாதம் ஒரு முறையாவது கரியைத் தட்டித் துப்புரவாக்க வேண்டும். அடைத்துப்போன புகைபோக்கி இருந்தும் பயனில்லை. கிடுகுக் கூரையை ஊடறுத்துப் போகும் குழாயைச் சுற்றித் தகடு வைக்காவிட்டால் தீப்பிடிக்கும். புகைபோக்கிக்கு வசதியில்லாதவர்கள் அடுப்புக்கு மேலே சுவரில் இரண்டு வரிசைக் கல்லை எடுத்து வழி விடலாம்; முடிந்த நாட்களில் வெளிக்கொட்டிலில் சமைக்கலாம்; கைக்குழந்தையின் ஏணையை அடுப்படியிலிருந்து அப்புறப்படுத்தலாம். வடகிழக்குப் பருவமழை பெறும் பகுதிகளில் இந்த வேலைகளைப் புரட்டாதிக்குள் முடித்துவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு விறகும் காயாது, மேசனும் கிடைக்கமாட்டார்.